பந்தைப் பார்க்காதீர்கள்: பான் அமெரிக்கன் போட்டிகளில் ராக்கெட்பால் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராக்கெட்பாலை முதல் முறை பார்க்க உட்காருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "பந்து எங்கே போச்சு?" என்பதுதான். கேள்வி நியாயமானது. நல்ல ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் பந்து மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதுவும் திறந்த மைதானத்தில் அல்ல, நான்கு சுவரும் ஒரு கூரையும் உள்ள பெட்டிக்குள். ஒரு சுவரில் பட்டு, இன்னொன்றில் திரும்பி, கண் அங்கே போய்ச் சேருவதற்குள் ஆட்டம் முடிந்து இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் இப்படிப் போனால் அலுத்துப்போய் வேறு விளையாட்டுக்கு மாறிவிடுவோம்.

நானும் அப்படி மாறியவன்தான். திரும்பி வந்தது, பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டு ஆட்களின் கால்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகு. ராக்கெட்பாலில் பெரும்பாலான புள்ளிகள் அடிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. நடு இடத்தில் யார் நிற்கிறார், யார் மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தால் பந்து தானாகவே கண்ணுக்குத் தெரியும். இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் அதைப் பழகிக்கொள்ளத்தான்.

பான் அமெரிக்கன் போட்டிகளை ஏன் எடுத்துக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ராக்கெட்பால் ஒலிம்பிக்கில் இல்லை. வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டில், கூடும் இந்தப் போட்டிதான் இவர்களுக்கு ஒலிம்பிக் மாதிரி. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இந்த நிலப்பரப்பைச் சேர்ந்தவர்கள். எனவே "பிராந்தியப் போட்டி" என்ற பெயரைப் பார்த்துத் தரத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

முதல் படி: பெட்டியை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

கோர்ட் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். இருபது அடிக் கனசதுரங்கள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் அதுதான் ராக்கெட்பால் கோர்ட். இரண்டும் ஒட்டுகிற இடத்தில் தரையில் ஒரு கோடு ஓடும். அதன் பெயர் ஷார்ட் லைன். அதற்கு ஐந்து அடி முன்னால் சர்வீஸ் லைன். இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிற பட்டைதான் சர்வ் போடும் இடம். ஷார்ட் லைனுக்கு ஐந்து அடி பின்னால் விட்டு விட்டு வரைந்த கோடு ஒன்று உண்டு. சர்வை எதிர்கொள்பவருக்கான எல்லை அது.

முன்சுவர், பக்கச்சுவர்கள், பின்சுவர், கூரை எல்லாமே ஆட்டத்துக்குள் அடக்கம். ஸ்குவாஷ் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஸ்குவாஷில் முன்சுவரின் அடியில் தகரப் பட்டை இருக்கும். அதில் பட்டால் புள்ளி போச்சு. மேலே பட்டாலும் வெளியேதான். ராக்கெட்பாலில் தகரமும் இல்லை, மேல் எல்லையும் இல்லை. முன்சுவரும் தரையும் சேருகிற விளிம்புக்கு ஒரு விரல்கடை மேலே பந்தை அடித்தாலும் செல்லும். அப்படி அடித்த பந்து எழும்பவே எழும்பாது, தரையோடு உருண்டு வரும். திருப்பி அடிக்க மனிதரால் முடியாது. ஆட்டத்தின் ஆசை, ஆபத்து இரண்டுமே அந்த ஒரு விரல்கடையில்தான் இருக்கிறது. கொஞ்சம் தாழ்ந்துபோய்ப் பந்து முதலில் தரையைத் தொட்டுவிட்டால் அதற்கு ஸ்கிப் என்று பெயர், அடித்தவர் தோற்றார்.

விதி ஒரு வரிதான். பந்து தரையில் இரண்டாவது முறை படுவதற்குள் அடிக்க வேண்டும். அடித்த பந்து தரையைத் தொடாமல் முன்சுவரைச் சேர வேண்டும். நடுவில் எந்தச் சுவரில் பட்டாலும், கூரையில் பட்டாலும் கவலையில்லை.

ராக்கெட்டின் நீளம் 22 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கை நீட்டி எட்டுகிற தூரம் குறைவு. ஓடித்தான் ஆக வேண்டும். பந்து இரண்டேகால் அங்குல விட்டமுள்ள உள்ளீடற்ற ரப்பர் பந்து, எடை சுமார் 40 கிராம். ஸ்குவாஷ் பந்து மாதிரி சோம்பேறியல்ல, துள்ளிக்கொண்டே இருக்கும். கைப்பிடியிலிருந்து ஒரு கயிறு மணிக்கட்டைச் சுற்றிக் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அலங்காரமல்ல, கட்டாயம். வியர்த்த கையிலிருந்து ராக்கெட் நழுவினால் அடுத்த ஆள் நிற்பது மூன்றடி தூரத்தில். கண்ணாடியும் அப்படித்தான், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள்.

இரண்டாம் படி: சர்வ் போடுகிறவரை இரண்டு வினாடி உற்றுப் பாருங்கள்

சர்வ் என்பது பல விளையாட்டுகளில் ஆட்டத்தைத் தொடங்கும் சடங்கு. இங்கே அது ஆயுதம். சர்வர் பந்தை ஒரு முறை தரையில் தட்டி அடிக்கிறார். பந்து முதலில் முன்சுவரில் பட்டாக வேண்டும். திரும்பி வந்து ஷார்ட் லைனைத் தாண்டித் தரையில் விழ வேண்டும். வழியில் ஒரு பக்கச்சுவரைத் தொடலாம். இரண்டைத் தொட்டால் ஃபால்ட், அதாவது செல்லாத சர்வ். கூரையில் பட்டாலோ, தரையைத் தொடாமல் நேராகப் பின்சுவரில் போய் மோதினாலோ, ஷார்ட் லைனுக்கு முன்னாலேயே விழுந்தாலோ ஃபால்ட்தான். முன்சுவருக்கு முன் வேறு எதில் பட்டாலும் ஃபால்ட்டோடு நிற்காது, சர்வே பறிபோகும்.

சர்வ் வகைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது டிரைவ். தாழ்வாக, வேகமாக, பின் மூலையைக் குறிவைத்து வரும். வலக்கை ஆட்டக்காரருக்கு எதிராக என்றால் பெரும்பாலும் இடது மூலைக்கு, அதாவது அவருடைய பேக்ஹேண்ட் பக்கத்துக்கு. இரண்டாவது இசட் சர்வ். முன்சுவரின் ஓரத்தில் பட்டு, உடனே அருகிலுள்ள பக்கச்சுவரில் பட்டு, கோர்ட்டின் குறுக்கே பாய்ந்து எதிர் மூலையில் இறங்கும். பந்தின் பாதையை மேலிருந்து பார்த்தால் ஆங்கில இசட் எழுத்து. மூன்றாவது லாப். மெதுவாக, உயரமாகப் போய், பக்கச்சுவரை ஒட்டி இறங்கிப் பின் மூலையில் செத்து விழும். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் பந்து தோள் உயரத்தில், சுவரோடு ஒட்டி வரும்போது அதைக் கொல்கிற அடி அடிப்பது கடினம். கூரைக்குத்தான் அனுப்ப முடியும். அதுதான் லாப் போட்டவருக்கும் வேண்டியது.

டிரைவ் சர்வில் ஒரு நுணுக்கம் அடிக்கடி சர்ச்சையாகும். பந்து திரும்பி வரும்போது சர்வரின் உடம்பை உரசிக்கொண்டு போனால் எதிராளிக்குக் கடைசி நொடி வரை பந்து தெரியாது. நடுவர் "ஸ்கிரீன்" என்று அழைப்பார்; அந்தச் சர்வ் ஃபால்ட். எல்லை எங்கே என்பது நடுவரின் கண்ணில் இருக்கிறது. எனவே ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் நடுவர் எவ்வளவு கண்டிப்பு என்று சர்வர் சோதித்துப் பார்ப்பார். நீங்களும் கூடவே கவனித்துக்கொள்ளுங்கள்.

சர்வை வாங்குகிறவர் பின்சுவருக்குச் சில அடி முன்னால், நடுவில் குனிந்து நிற்பார். பந்து அந்த விட்டு விட்டு வரைந்த கோட்டைத் தாண்டும் வரை, அல்லது அதற்கு முன்னால் தரையில் விழும் வரை, அவர் அந்தக் கோட்டைக் கடக்கக் கூடாது. சர்வரின் முதுகுக்குப் பின்னால் ராக்கெட் சுழல்கிற விளையாட்டு இது. அந்த ஐந்தடி இடைவெளி உயிர்க்காப்பு.

மூன்றாம் படி: நடு இடம் யாரிடம்?

இதுதான் முக்கியமான படி. மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சர்வ் போட்டவுடன் சர்வர் அங்கேயே நிற்பதில்லை. இரண்டு மூன்று எட்டு பின்னால் வந்து, விட்டு விட்டு வரைந்த கோட்டுக்குச் சற்றுப் பின்னால், இரு பக்கச்சுவர்களுக்கும் நடுவில் நிற்பார். அங்கிருந்து முன்னால் விழுகிற பந்துக்கும் போகலாம், இரு பக்கங்களுக்கும் நீட்டலாம், பின்சுவரில் பட்டு வருகிற பந்துக்கும் திரும்பலாம். அந்த இடத்தைப் பிடித்திருப்பவர் ஓரிரண்டு எட்டில் எல்லாவற்றையும் எட்டுவார். மூலையில் இருப்பவர் ஒவ்வொரு பந்துக்கும் கோர்ட்டையே குறுக்காகக் கடக்க வேண்டும்.

எனவே ஒரு ரேலி, அதாவது சர்வ் முதல் பந்து செத்துப்போகும் வரை நடக்கும் அடிகளின் தொடர், அந்த நடு இடம் என்ற நாற்காலிக்கான சண்டை. சர்வர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தொடங்குகிறார். எதிராளிக்கு முதல் வேலை புள்ளி எடுப்பதல்ல, அவரைக் கிளப்புவது. அதற்கு அவரிடம் இரண்டு வழிகள்.

ஒன்று, பாஸ். பக்கச்சுவரை ஒட்டி நேராகவோ, கோர்ட்டின் குறுக்காகவோ, சர்வரின் கைக்கு எட்டாத தூரத்தில் பந்தைக் கடத்துவது. நல்ல பாஸ் பின்சுவரைத் தொடுவதற்கு முன்பே இரண்டாம் முறை தரையில் விழும். கொஞ்சம் உயரமாகிவிட்டால் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடும். எதிராளிக்கு அது தட்டில் வைத்துக் கொடுத்த விருந்து.

இன்னொன்று, கூரை. பந்தைக் கூரையின் முன்பகுதியில் அடித்தால் அது உடனே முன்சுவரில் பட்டு, தரையில் குத்தி உயர எழும்பி, பின் மூலையை நோக்கிப் போகும். நடுவில் நிற்பவர் வேறு வழியின்றிப் பின்னால் ஓட வேண்டும். அதே நேரத்தில் கூரைக்கு அடித்தவர் முன்னே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இருவருமே பொறுமைசாலிகள் என்றால் இருவரும் மாறி மாறிக் கூரைக்கு அடித்துக்கொண்டே இருப்பார்கள். புதிதாய்ப் பார்ப்பவருக்கு அந்த நேரம் தூக்கம் வரும். ஆனால் இருவரும் காத்திருப்பது ஒன்றுக்காகத்தான்: யாருடைய கூரைப் பந்து முதலில் குட்டையாக விழுகிறது? குட்டையானால் பந்து இடுப்புக்குக் கீழே இறங்கும். அடுத்த அடி கொலை அடி.

அதுதான் கில். முழங்காலுக்கும் கீழே பந்தை இறங்க விட்டு, முன்சுவரின் அடிவிளிம்பில் அறைவது. அதன் உறவினர் பிஞ்ச்: முதலில் முன்சுவருக்கு அருகே பக்கச்சுவரில், பிறகு முன்சுவரில் பட்டு, பந்து கோர்ட்டின் முன்பகுதியிலேயே செத்துவிடும். எதிராளி பின்னால் இருக்கும்போது பிஞ்ச் அடிப்பது கணக்கு; எதிராளி முன்னால் நிற்கும்போது அடிப்பது பேராசை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே யார் நிதானத்தில் ஆடுகிறார், யார் பதற்றத்தில் ஆடுகிறார் என்று பாதி ஆட்டத்தில் சொல்லிவிடலாம்.

பழக ஒரு வழி சொல்கிறேன். ஒரு முழு கேம், பந்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒவ்வொரு ரேலியிலும் நடுவில் நிற்பவர் யார் என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாருங்கள். "சர்வர், சர்வர், மாறிப்போச்சு, இவர், இவர், முடிஞ்சுது." எப்போது மாறுகிறது என்பது பிடிபட்டவுடன், மாற்றிய அடி எது என்று கண் தானாகவே தேடத் தொடங்கும்.

நான்காம் படி: காதையும் கூப்பிடுங்கள்

கண்ணால் பிரிக்க முடியாததைக் காது பிரித்துவிடும். சுத்தமான கில் ஒரே ஒரு அறை மாதிரி கேட்கும். ஸ்கிப் ஆன பந்தில் அந்த அறைக்கு முன்னால் தரையில் ஒரு சின்னத் தேய்ப்பு ஒலி கலந்திருக்கும். ஆட்டக்காரர்கள் நடுவர் சொல்வதற்கு முன்பே தலையைத் தொங்கப் போடுவது அதைக் கேட்டுத்தான். ஸ்பிளாட் என்று ஓர் அடி உண்டு. தனக்கு மிக அருகிலுள்ள பக்கச்சுவரில் ஓங்கி அடித்து, பந்தைச் சுழலவைத்து முன்சுவருக்கு அனுப்புவது. பந்து சுவரில் நசுங்குகிற சத்தம் ஈரத்துணியை அறைந்தாற்போல வரும். ஒரு முறை கேட்டால் மறக்காது.

பந்து விரிசல்விட்டால் ஒலி மந்தமாகிவிடும். சர்வுக்கு முன் ஆட்டக்காரர் பந்தைக் கையால் நசுக்கிப் பார்ப்பதும், சட்டையில் துடைப்பதும் நேரம் கடத்துவதற்கு மட்டுமல்ல. ஈரமான பந்து சுவரில் வழுக்கும். அதனால் ஈரப்பந்தால் சர்வ் போட அனுமதியில்லை. (நேரம் கடத்துவதும் உண்டு. துண்டு எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் தொடர்ந்து மூன்று புள்ளி இழந்த பிறகுதான்.)

ஐந்தாம் படி: இடைஞ்சல் வழக்குகள்

இரண்டு பேர் ஒரே பெட்டிக்குள் ஓடும்போது ஒருவர் வழியில் இன்னொருவர் நிற்காமல் இருக்க முடியாது. அதற்குத்தான் ஹிண்டர், அதாவது இடைஞ்சல் விதி. சாதாரண இடைஞ்சல் என்றால் ரேலியை மீண்டும் ஆடுவார்கள். அடித்த பந்து முன்சுவருக்குப் போகும் வழியில் எதிராளியின் மேல் பட்டாலும் வழக்கமாக அப்படித்தான். ஆனால் எதிராளி விலக முடிந்தும் விலகவில்லை, அடிக்க இடம் விடவில்லை, பந்து போகிற பாதையில் வந்து நின்றார் என்றால் அது தண்டனை இடைஞ்சல். ரேலி நேராக அடுத்தவருக்கு.

கோர்ட்டில் ஒருவர் அடிக்கப் போய் ராக்கெட்டை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்துத் திரும்பினால், "அடித்திருந்தால் ஆள் மேல் பட்டிருக்கும்" என்று முறையிடுகிறார் என்று பொருள். நிறுத்தியதைக் கோழைத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விளையாட்டில் அதுதான் மரியாதை. ஆனால் தந்திரமாகவும் பயன்படும். அடிக்க முடியாத பந்தை விட்டுவிட்டு இடைஞ்சல் கேட்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி: பந்தை எட்டும் இடத்துக்கு அவருடைய கால்கள் போய்ச் சேர்ந்திருந்தனவா? சேரவில்லை என்றால் அவர் கேட்பது நீதியல்ல, கடன்.

நடுவரின் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் முறையீடு செய்யலாம். அப்போது இரண்டு லைன் ஜட்ஜுகளும் ஒரே நேரத்தில் கை காட்டுவார்கள். கட்டைவிரல் மேலே என்றால் நடுவர் சொன்னது சரி. கீழே என்றால் தவறு. உள்ளங்கையை விரித்துக் கிடையாகக் காட்டினால், தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். மூன்று பேரில் பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு. இரண்டு கட்டைவிரல்கள் ஒன்றாகக் கீழே திரும்பும்போது அரங்கம் எழுப்பும் சத்தம், நல்ல கில்லுக்குக் கிடைப்பதைவிடப் பெரிது.

ஆறாம் படி: எண்ணிக்கை

இதில் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. பழைய பதிவுகளைப் பார்த்தால் ஒரு கணக்கு, புதியதைப் பார்த்தால் வேறு கணக்கு. நெடுங்காலமாக இருந்த முறையில் சர்வ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளி ரேலியை வென்றால் அவருக்குச் சர்வ் மட்டும் கிடைக்கும். 15 புள்ளிக்கு இரண்டு கேம். ஆளுக்கு ஒன்று என்றால் 11 புள்ளிக்கு ஒரு டை பிரேக்கர். 2019 லிமா வரையிலான பான் அமெரிக்கன் ஆட்டங்கள் அந்த முறைதான்.

2022இல் சர்வதேச ராக்கெட்பால் கூட்டமைப்பு இதை மாற்றியது. இப்போது ஒவ்வொரு ரேலிக்கும் ஒரு புள்ளி, யார் சர்வ் போட்டிருந்தாலும் சரி. 11 புள்ளி எடுப்பவருக்குக் கேம். ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். ஐந்து கேமில் மூன்றை வெல்பவருக்கு ஆட்டம்.

எண்ணிக்கை எளிதானதைவிட முக்கியம், ஆட்டத்தின் குணமே மாறியதுதான். பழைய முறையில் சர்வை வாங்குகிறவர் துணிந்து கில் அடித்து ஸ்கிப் ஆனால் ஒரு புள்ளி போகும். வென்றால் சர்வ் மட்டும் வரும். பொறுமைக்குப் பரிசு இருந்தது, தொடர்ச்சியாக எட்டுப் புள்ளி எடுத்துப் பின்தங்கிய ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தவும் முடிந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே விலை. துணிந்து அடித்து வென்றால் உடனே கையில் புள்ளி. ஆட்டம் வேகமாகிவிட்டது, பார்வையாளருக்கு நல்லதுதான். ஆனால் சர்வைப் பிடித்துவைத்திருப்பதற்கான அந்தப் பழைய பிடிவாதம் குறைந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஏழாம் படி: டிராவைப் படியுங்கள், காலிறுதியைத் தவறவிடாதீர்கள்

ஒற்றையர் பிரிவில் எல்லோரும் முதலில் சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஆடுவார்கள். அந்த முடிவுகளை வைத்து நாக் அவுட் டிராவில் இடம் கிடைக்கும். குழு ஆட்டம் என்றால் பலர் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். தோற்றாலும் வெளியேறமாட்டார்களே என்ற எண்ணம். ஆனால் குழுவில் இரண்டாம் இடம் பிடித்தவர், நாக் அவுட்டில் பெரிய ஆட்டக்காரரைச் சீக்கிரமே சந்திக்க நேரும். குழு ஆட்டம் கதவைத் திறப்பதில்லை. எந்தக் கதவு என்று முடிவு செய்கிறது.

அடுத்து வருவதை இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள் கவனிப்பதில்லை. பான் அமெரிக்கன் ராக்கெட்பாலில் வெண்கலத்துக்குத் தனி ஆட்டம் கிடையாது. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். ஆக, காலிறுதியில் வென்ற நொடியே பதக்கம் உறுதி. தோற்றால் வெறுங்கை. பதக்கத்துக்கான உண்மையான ஆட்டம் காலிறுதிதான். சிறிய நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் நான்கு ஆண்டின் கணக்கு. இறுதி ஆட்டத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குகிறவர்கள், இந்தப் போட்டியின் மிகவும் பதற்றமான ஆட்டத்தைத் தவறவிடுகிறார்கள்.

எட்டாம் படி: இரட்டையரும் அணிப் போட்டியும்

இரட்டையரில் அதே பெட்டிக்குள் நான்கு பேர், நான்கு ராக்கெட். நாற்காலி சண்டை இங்கே பெஞ்சுச் சண்டையாகிவிடும். நடு இடத்தை இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிடிக்கிறார்கள். ஒரு அணியில் இடக்கையர் ஒருவரும் வலக்கையர் ஒருவரும் இருந்தால் இரு பக்கச்சுவர்களிலும் ஃபோர்ஹேண்ட் கிடைக்கும். ஆனால் நடுவில் வரும் பந்துக்கு இருவருமே பேக்ஹேண்டோடு திணறுவார்கள். எதிரணி அந்த நடுக்கோட்டையே குறிவைக்கிறதா என்று பாருங்கள். பங்காளி சர்வ் போடும்போது மற்றவர் பக்கச்சுவரில் முதுகை ஒட்டி நிற்பதையும் பார்க்கலாம். பந்து ஷார்ட் லைனைத் தாண்டும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

அணிப் போட்டியில் இரு நாடுகளுக்கு இடையே இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூன்றில் இரண்டு வென்றால் போதும். யாரை எதில் இறக்குவது என்பதுதான் பயிற்சியாளரின் சூதாட்டம். ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு வரும் நாடு இங்கே திணறும். கலப்பு இரட்டையர் 2023 சாண்டியாகோவில்தான் பான் அமெரிக்கன் போட்டிகளுக்குள் வந்தது.

ஒன்பதாம் படி: பகையின் கதை தெரிந்துகொள்ளுங்கள்

எந்த விளையாட்டையும் பின்கதை தெரியாமல் பார்த்தால் பாதிச் சுவை போய்விடும். இந்த ஆட்டம் பிறந்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 1950 வாக்கில். ஜோ சோபெக் என்பவர் ஹேண்ட்பால் (சுவரில் பந்தைக் கையால் அடிக்கும் ஆட்டம்) கோர்ட்டில் ஆடுவதற்காகக் குட்டை ராக்கெட் ஒன்றை வடிவமைத்தார். பான் அமெரிக்கன் போட்டிகளில் அது நுழைந்தது 1995இல், அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில். 1999 வின்னிபெக், 2003 சான்டோ டொமிங்கோ என்று தொடர்ந்தது. 2007 ரியோவில் கழற்றிவிடப்பட்டது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் தங்கள் உச்ச வயதில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 2011 குவாடலஹாராவில் திரும்பி வந்தபோது போட்டி நடந்தது மெக்சிகோ மண்ணில்.

திரும்பி வந்த அந்தப் போட்டிதான் பாவோலா லொங்கோரியாவின் போட்டி. மெக்சிகோவைச் சேர்ந்த அவர் 2011, 2015, 2019 மூன்றிலும் மகளிர் ஒற்றையர் தங்கத்தை வென்றார். அவர் ஆட்டத்தைப் பார்க்கக் கிடைத்தால் மூன்றாம் படியை அப்படியே பாடமாக வைத்துப் பார்க்கலாம். நாற்காலியை விட்டுக் கொடுக்கவே மாட்டார். வெல்ல முடியாதவர் என்றும் இல்லை. 2018 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் குவாதமாலாவின் அனா கப்ரியேலா மார்டினெஸ் அவரைத் தோற்கடித்தார்.

என் மனதுக்கு நெருக்கமானது பொலிவியாவின் கதை. பான் அமெரிக்கன் போட்டிகளில் அந்த நாட்டுக்குப் பல பத்தாண்டுகளாக ஒரு தங்கம்கூட இல்லை. எந்த விளையாட்டிலும் இல்லை. 2019 லிமாவில் கொன்ராடோ மொஸ்கோசோ, ரோலண்ட் கெல்லர், கார்லோஸ் கெல்லர் அடங்கிய ஆடவர் ராக்கெட்பால் அணிதான் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தது. பொலிவியாவின் நகரங்கள் பல உயரத்தில் இருக்கின்றன. 2018 தென் அமெரிக்கப் போட்டிகள் நடந்த கொச்சபம்பா கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் மேலே. அங்கே காற்று லேசு, பந்து இன்னும் வேகமாகப் பறக்கும். அதில் பழகிய கைக்குக் கடல்மட்டத்துப் பந்து சற்று நிதானமாகவே தெரியும் என்று நினைக்கிறேன்.

கொடி மாறிய கதைகளும் உண்டு. மரியா ஹோசே வர்காஸ், நத்தாலியா மெண்டெஸ் இருவரும் பொலிவியாவில் வளர்ந்து ஆடி, பின்னர் அர்ஜென்டினாவுக்காகக் களமிறங்கியவர்கள். டிராவில் அர்ஜென்டினாவும் பொலிவியாவும் மோதினால் அந்த ஆட்டத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: ஒரு முழு ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பது

நேரில் என்றால் இடம் முக்கியம். பின்பக்கக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் இடது, வலது நன்றாகத் தெரியும். நாற்காலிச் சண்டை கண்ணெதிரே நடக்கும். ஆனால் கில் எவ்வளவு தாழ்வு என்பது தெரியாது. பக்கச்சுவரும் கண்ணாடியாக இருந்தால், முன்சுவருக்கு அருகே பக்கவாட்டில் நில்லுங்கள். தரைக்கும் பந்துக்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் தெரியும். முதல் கேம் பின்னாலிருந்து, இரண்டாவது பக்கத்திலிருந்து என்று மாற்றிக்கொள்வது என் வழக்கம். ஒளிபரப்பில் கேமரா பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். தாழ்வை ரீப்ளேயில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் கேமில் சர்வை மட்டும் குறியுங்கள்: எந்த மூலைக்கு, எந்த வகை. 6, 7 புள்ளி வந்ததும் ஒரு வழக்கம் தெரியும். இரண்டாம் கேமில் அதை எதிராளி கண்டுபிடித்துவிட்டாரா என்று பாருங்கள். கண்டுபிடித்திருந்தால் சர்வ் போகும் பக்கத்துக்கு அரை எட்டு முன்கூட்டியே சாய்வார். சர்வரும் அதைக் கவனித்து எதிர்ப் பக்கம் போடுவார். மூன்றாம் கேமில் கால்களுக்கு வாருங்கள். களைப்பு முதலில் கையில் தெரியாது. அடித்த பிறகு நடுவுக்குத் திரும்பும் எட்டுகளில் தெரியும். நான்கு எட்டு வைத்தவர் மூன்றோடு நின்றுவிடுவார், பிறகு இரண்டோடு. கூரைக்கு அடிக்க வேண்டிய பந்தில் கில்லுக்குப் போவார், ரேலியைச் சுருக்க வேண்டுமென்று. ஸ்கிப் ஒலி அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டால் புள்ளிப் பலகையைப் பார்க்கத் தேவையில்லை.

ஐந்தாவது கேம் வந்துவிட்டால் 9-9இல் இருக்கும்போது சர்வரைப் பாருங்கள். சர்வ் போடத் தயாராகும்போது பந்தைத் தரையில் எத்தனை முறை தட்டுகிறார்? முதல் கேமில் இரண்டு முறை தட்டியவர் இப்போது ஐந்தாறு முறை தட்டுகிறார் என்றால், வேகமான டிரைவை நம்பலாமா, லாபோடு தப்பித்துக்கொள்ளலாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பின்னால் குனிந்து நிற்பவருக்கும் அது தெரியும்.